எட்டு வருகை, 9,600 ரூபாய்: எங்கள் செவலைக்குக் கிடைத்த வீட்டுப் பயிற்சி

நாய்ப் பயிற்சிக்குக் கூடவா காசு கொடுப்பார்கள் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2025 மே மாதம் வரை நானும் அப்படிக் கேட்டவள்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்க, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் படியேறி வருவார்கள். படியில் நிற்கும் நாய் அவர்களைப் பார்த்துப் பாய்ந்தால் என் பிழைப்பு போய்விடும். ஜூன் தொடக்கத்தில் நாங்கள் வந்து நின்றது அந்த இடத்தில்தான்.

செவலை எங்களிடம் வந்தது வெள்ளத்தில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அங்கே உறவினர் வீட்டில் சேறு அள்ளிப்போடப் போன என் கணவர், மாலையில் சட்டைக்குள் ஒரு குட்டியோடு திரும்பி வந்தார். வயிறு ஒட்டி, காதெல்லாம் உண்ணி அப்பிய செம்மண் நிறக் குட்டி. பால் பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும் என்றார். சாதி நாய் இல்லை, நம் ஊர் நாட்டு நாய். செவலை என்று பெயர் வைத்தவர் என் மாமனார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பகல் முழுவதும் அவனோடு இருப்பவரும் அவர்தான்.

ஐந்து மாதத்தில் அவனைப் போல ஒரு பிள்ளை தெருவில் கிடையாது. உட்கார் என்றால் உட்காருவான், வா என்றால் புழக்கடையிலிருந்து ஓடி வருவான். மெஷின் ஓடும்போது என் காலடியில் தூங்குவான். வாடிக்கையாளர்களின் குழந்தைகள் அவன் காதைப் பிடித்து விளையாடுவார்கள்.

மே கடைசியில் எல்லாம் கலைந்தது. வா என்று கூப்பிட்டால் நின்று என்னைப் பார்ப்பான், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தைக்கக் கொடுத்த துணி மூட்டைகள் மேல் காலைத் தூக்கினான். லைனிங் துணியைக் கடித்துக் கிழித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, படியேறும் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்தான். அதுவும் குட்டிக் குரைப்பாக இல்லை. முன்னங்கால்களை ஊன்றி, முதுகு மயிர் சிலிர்க்க, அடிவயிற்றிலிருந்து வரும் குரைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம் தைக்கும் ஓர் ஆசிரியை, கையில் பிள்ளையோடு வெளியே நின்றபடியே தொலைபேசியில், “அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், துணியை வெளியே கொண்டுவந்து கொடுங்கள்” என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் வேறொரு பயிற்சியாளரை அழைத்தோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். சுருக்குச் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினார். செவலை இழுக்கும்போதெல்லாம் சங்கிலியைச் சுண்டி ஒரு வெட்டு. பத்தே நிமிடத்தில் நாய் உட்கார்ந்தது, படுத்தது, எழுந்தது. அதைத் தன் கைப்பேசியில் படமெடுத்து எங்களிடம் காட்டினார். “நாய் நல்ல நாய்தான். உங்களுக்குத்தான் கண்டிப்பு போதாது. ஒரு மாதம் என்னிடம் விடுங்கள், பழக்கித் திருப்பித் தருகிறேன்” என்றார். அதற்கு 18,000 ரூபாய் கேட்டார். அனுப்பிவிடலாம் என்றே நினைத்தோம். மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் மாலையில் நான் கழுத்தில் போட்டிருந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன். வெட்டு மேசைக்கு அடியிலிருந்து செவலை என்னைப் பார்த்து உறுமினான். கையில் தொங்கும் எந்தப் பட்டையும் அவனுக்குச் சங்கிலியாகத் தெரிந்திருக்கிறது. நான் ஊட்டி வளர்த்த குட்டி என்னைப் பார்த்து உறுமியதை இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. அடுத்த நாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நான் பாராட்ட வந்தவர் அவருக்குப் பிறகு வந்தவர். அரியாங்குப்பத்திலிருந்து என்னிடம் பட்டு ரவிக்கை தைக்க வரும் ஒருவர் மூலம் தெரிந்தவர். புதுச்சேரிக்காரர், ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. பலகை வைத்த அலுவலகமோ நாய்களை அடைத்து வைக்கும் கூடமோ அவரிடம் இல்லை. ஸ்கூட்டரில் நம் வீட்டுக்கு வருவார். ஒரு வருகை ஒன்றரை மணி நேரம், 1,200 ரூபாய். கடலூருக்கு வர அவருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும், பெட்ரோல் அதற்குள்ளேயே அடக்கம். எட்டு வருகைக்கு 9,600 ரூபாய் கொடுத்தோம், ஒவ்வொரு வருகையும் முடிந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துப்போயிற்று. எப்படிச் சாப்பிடுகிறான், எவ்வளவு தூங்குகிறான், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நான் வர மாட்டேன்” என்றார். நாயின் குணம் சட்டென்று மாறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டுமாம். காதில் சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் என்று எதுவாகவும் இருக்கலாம், வலியில் இருக்கும் நாய்க்குப் பாடம் சொல்ல முடியாது என்றார். இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வலது காதின் உள்ளே புண். தலையில் கை வைத்தால் அவன் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். பத்து நாள் சொட்டு மருந்து விட்ட பிறகுதான் பயிற்சியாளர் எங்கள் வீட்டுப் படியேறினார்.

முதல் வருகையில் அவர் கூடத்தின் மூலையில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். செவலையைப் பார்க்கவே இல்லை. மாமனாரிடம் ஆலையில் கரும்பு அரைக்கும் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் குரைத்துவிட்டு, செவலை மெல்ல வந்து அவர் முழங்கையை முகர்ந்தான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணக் குரலில், “செவலை, உட்கார்” என்றார். உட்கார்ந்தான். சங்கிலி கிடையாது, வெட்டு கிடையாது. நான் சொன்னேன், கேட்காதவன் போல நின்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “அம்மா, இதை வைத்து உங்களை நீங்களே குறைவாக நினைத்துவிடாதீர்கள். இந்த வயதில் இதுதான் நடக்கும்” என்றார். 2020-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களாக ஆக்குவதற்கு வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனக் குட்டிகளை ஐந்து மாதத்தில் ஒரு முறையும் எட்டு மாதத்தில் ஒரு முறையும் சோதித்திருக்கிறார்கள். மொத்தம் 69 நாய்கள், சோதித்தது இதே ‘உட்கார்’ என்ற சொல்லைத்தான். எட்டு மாதத்தில் அவை வளர்ப்பவர் சொன்னால் முன்பைவிடக் குறைவாகவே கேட்டன. அயலார் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. கேட்கும் தன்மை ஒரு வயது வாக்கில் மீண்டும் ஏறியிருக்கிறது. வளர்ப்பவரோடு உள்ள பிணைப்பில் அச்சமும் நிலையின்மையும் இருந்த நாய்களிடம் அந்த முரண்டு கூடுதலாக இருந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். முதல் பயிற்சியாளரின் சங்கிலி எங்கள் பிணைப்பை எந்தப் பக்கம் தள்ளியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அன்றாடம் கணக்கு எழுதுகிறவள். இந்த வயதில் அயலார் சொன்னால் நாய் கேட்கும் என்றால், முதலாமவர் பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்டிய படத்துக்கு என்ன மதிப்பு? ஒரு மாதம் அவரிடம் விட்டு, 18,000 ரூபாய் கொடுத்து, திரும்ப வரும்போது அவருக்கு உட்காரும் நாய் ஒன்றைத்தான் பெற்றிருப்போம். என் வாசலில் நின்று அவனுக்குச் சொல்லப்போவது நான்தானே.

இந்தப் பயிற்சியாளரை நான் மதிப்பது இதற்காகத்தான். அந்த முதல் நாளுக்குப் பிறகு அவர் செவலைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை, கயிற்றைக் கையில் தொடவில்லை. எட்டு வருகையிலும் கயிறு என் கையிலோ, கணவர் கையிலோ, மாமனார் கையிலோதான் இருந்தது. எங்கள் கை எங்கே தவறுகிறது என்று மட்டும் சொல்வார். யாரையாவது அமர்த்தப் போகிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள்: முதல் ஒரு மணி நேரத்தில் கயிறு யார் கையில் இருக்கிறது?

இரண்டாம் வருகைக்கு முன் ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னார். என் அளவு நோட்டிலேயே எழுதினேன். எந்த நேரம், குரைப்பதற்கு முன் என்ன நடந்தது, குரைத்த பின் என்ன நடந்தது என்று மூன்று கட்டம். எழுதும்வரை அவன் நாள் முழுவதும் குரைக்கிறான் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் பார்த்தால் பெரும்பாலானவை மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இருந்தன. பள்ளி வேன்கள் வரும் நேரம், வேலை முடிந்து பெண்கள் துணி வாங்க வரும் நேரம். மதியம் தூங்காத நாட்களில் எண்ணிக்கை கூடியது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினை நான் மதியத்தில் ஓட்டிய நாட்கள் அவை. மூன்றாவது கட்டம்தான் உண்மையைச் சொன்னது. அவன் குரைத்தான், வந்தவர் இரண்டடி பின்வாங்கினார். எல்லா வரியிலும் அதுவே. “அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. பயந்தவன் அவன், தள்ளிப் போ என்றான், போனார்கள். இனி எதற்கு நிறுத்துவான்?” என்றார் பயிற்சியாளர். சண்டைக்கு நிற்கிறான் என்று நான் நினைத்த குரைப்பு, பயத்தில் பிறந்தது.

விடலைப் பருவம் என்ற சொல்லை அவர் நாய்க்கும் அப்படியே பயன்படுத்தினார். ஏறக்குறைய ஆறாம் மாதம் தொடங்கும், சிறிய நாய்களுக்கு ஒரு வயதை ஒட்டி முடியும், பெரிய நாய்களுக்கு இரண்டு வயது வரையிலும் இழுக்கும். உடம்பும் உணர்ச்சியும் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும், அடக்கிக்கொள்ளும் திறன் பின்னால் வரும். குட்டியாக இருக்கும்போது பொருட்படுத்தாதவற்றுக்கு இந்த வயதில் அஞ்சுவது உண்டு. உலகெங்கும் நாய்களைக் கைவிடுவதும் இந்த வயதில்தான் அதிகமாம். இதைச் சொன்னபோது என் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். ஜூன் மாதம் ஒரு நாள் அவரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

இனி வாசல் வேலை. எங்கள் படியிலிருந்து உள்கூடத்தின் சுவர் வரை 22 அடி. ஆறு அடியில் ஆளைப் பார்த்தால் வெடிப்பான். பதினைந்து அடியில் காதை நிமிர்த்திப் பார்ப்பான், ஆனால் வாயில் போட்டதைத் தின்பான். அந்தப் பதினைந்தாவது அடியில் துணியில் குறி போடும் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போடச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வாடிக்கையாளராக வந்து படியில் பத்து விநாடி நிற்பாள், போய்விடுவாள். அவளை அவன் கண்ட நொடியில் நான் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுக்கு மேல் கூடாது. அவள் மறைந்ததும் ஈரலும் நின்றுவிட வேண்டும். அவன் வேளைச் சோற்றில் அதற்கேற்பக் குறைத்துவிடச் சொன்னார், ஈரலை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கெடுதலாம்.

வரிசைதான் இதில் உயிர். ஆள் முதலில், ஈரல் பிறகு. நான் பதற்றத்தில் ஈரலை முன்னாலேயே கையில் எடுத்துவிடுவேன். “ஆள் வந்தால் நல்லது வரும் என்று அவன் கற்க வேண்டும். நீங்கள் செய்வதில், ஈரல் வந்தால் ஆள் வருவார் என்று கற்பான். அப்புறம் ஈரலைப் பார்த்தே நடுங்குவான்” என்றார். என் கையை இடுப்புப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தொங்கவிட வைத்தார். குரைத்துவிட்டால் திட்டக் கூடாது, கோட்டை நெருக்கத்தில் போட்டுவிட்டோம் என்று பொருள், இரண்டடி பின்னால் போய்விட வேண்டும். நாங்கள் பின்னால் போன நாட்களே அதிகம். பதினைந்திலிருந்து பன்னிரண்டுக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. மழை பெய்த ஒரு நாளில் குடையோடு ஒருவர் வந்துவிட, மறுபடி பதினெட்டு. நான்காம் வருகையின்போது, படியில் ஆள் நின்றதைப் பார்த்தவன் குரைக்கவில்லை. தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். பயிற்சியாளர் தரையிலிருந்து எழுந்து, “இதற்காகத்தான் நான் வந்தேன்” என்றார்.

இஞ்ச் டேப்புக்கும் அதே வழி. டேப் தரையில் கிடக்கும், பக்கத்தில் ஈரல். அடுத்து என் கையில், பிறகு என் தோளில், கடைசியில் நான் அதைச் சரேலென்று இழுக்கும்போது. பதினொரு நாள். அவருடைய வருகைகளில் ஒன்று முழுவதும் இதற்கே போயிற்று. நாய் பட்ட கெட்ட அனுபவத்தை அழிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிட நேரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார், அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் மாதம் டெல்லித் தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஊரெங்கும் பேச்சாக இருந்தது. வந்தவர்களெல்லாம் நாய்க்கடிக் கதையோடு வந்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. பயிற்சியாளர் சொல்லி, வாசலில் ஒரு தாள் ஒட்டினேன்: மணியடித்துவிட்டு நில்லுங்கள், நாயைத் தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம், தடுப்பூசி போட்ட நாள் இது. யார் மேலாவது பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எங்கள் மூவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். அந்த நிலை ஒருபோதும் வரவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தாரே, அதைப் பொறுப்பு என்பேன்.

துணி கடிக்கும் விஷயத்தில் தவறு முழுக்க எங்களுடையது. குட்டியாக இருந்தபோது பல் முளைக்கும் அரிப்புக்கு வெட்டுத் துணிகளை முடிச்சுப் போட்டுக் கொடுத்துப் பழக்கினேன். குட்டியின் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலையான பற்கள் ஏழு மாதத்துக்குள் வந்துவிடும். செவலைக்கு வந்தும் விட்டன. ஆனால் துணி தன் விளையாட்டுப் பொருள் என்ற நினைப்பு அவனிடம் தங்கிவிட்டது. வெட்டுத் துணிக்கும் வாடிக்கையாளரின் காஞ்சிபுரத்துக்கும் அவன் எப்படி வேறுபாடு காண்பான்? அன்றே துணி பொம்மைகள் வெளியேறின. கெட்டி ரப்பர் பொம்மை ஒன்றின் குழிக்குள் தயிர்சாதத்தை அடைத்துக் கொடுக்கச் சொன்னார். ஓவர்லாக் ஓட்டும் மதிய நேரத்தில் பின்னறையில் அதை நக்கிக்கொண்டே தூங்கிப் போகிறான். துணி மூட்டைகள் எல்லாம் அலமாரியில் ஏறின. மாமனார் தன் பங்குக்கு முன்னறைக்கும் கூடத்துக்கும் இடையே மரத்தடுப்பு ஒன்று அடித்துக் கொடுத்தார்.

மாமனாரைப் பற்றி ஒன்று. தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவனுக்குப் பொறையும், கோயிலிலிருந்து வந்தால் சர்க்கரைப் பொங்கலும் கொடுப்பார். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார். பயிற்சியாளர் அவரைத் தடுக்கவில்லை. “ஐயா, பொங்கலில் இருக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதை மட்டும் விட்டுவிடுங்கள். பொறையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், ஆனால் அவன் உட்கார்ந்த பிறகு” என்றார். இன்று எங்கள் வீட்டில் அவனை முதல் தடவையிலேயே உட்காரச் செய்பவர் எழுபத்து மூன்று வயது மாமனார்தான்.

கூப்பிட்டால் வருவதற்கு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தோம். காலை ஐந்தே முக்கால், கூட்டம் சேர்வதற்கு முன். பத்து மீட்டர் பருத்திக் கயிறு. அதைக் கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது, ஓடிப்போய்க் கயிறு முடியும் இடத்தில் கழுத்தில் வெட்டு விழும் என்றார். மார்புப் பட்டை வேண்டும். கடைகளில் கிடைத்தவை எல்லாம் லாப்ரடார் உடம்புக்கு. செவலைக்கு மார்பு 24 அங்குலம், இடுப்பு ஒட்டிப்போனது, பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடுவான். நானே தைத்தேன். பள்ளிப் பைக்கு வைக்கும் ஓர் அங்குலப் பருத்தி நாடா, விலா எலும்புக்குப் பின்னால் இரண்டாவது பட்டி. முதலில் தைத்ததைப் பயிற்சியாளர் ஏற்கவில்லை, முன்னங்கால் கக்கத்தில் உராய்ந்து தோல் சிவந்திருந்தது. பட்டியை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளி, உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தித் திரும்பத் தைத்தேன். என் தொழிலில் இதுவரை இவ்வளவு கவனமாக எதையும் தைத்ததில்லை.

கடற்கரையில் அவர் வைத்த விதி எளிது. கூப்பிட்டு வந்தால், கொடுத்துவிட்டு மறுபடி போகவிட வேண்டும். நான் இதுவரை கூப்பிட்டதெல்லாம் குளிப்பாட்டவும், சங்கிலியில் கட்டவும், வீட்டுக்குத் திரும்பவும்தான். வா என்ற சொல்லுக்கு அவன் அகராதியில் விளையாட்டு முடிந்தது என்று பொருள் ஆகியிருந்தது. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, “தம்பி” என்று கூப்பிடத் தொடங்கினோம். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை மீண்டும் ஓடவிட்டேன். இரண்டு வாரத்தில் நண்டுப் பொந்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

ஆண்மை நீக்கம் பற்றிக் கேட்டதற்கு, “அது மருத்துவர் முடிவு. காலைத் தூக்குவது குறையலாம். பயந்து குரைப்பதை அது தீர்க்கும் என்று நம்பிச் செய்யாதீர்கள்” என்றார். நவம்பரில் செய்தோம். காலைத் தூக்குவது பெரும்பாலும் நின்றது. குரைப்பு ஏற்கெனவே எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு முறையும் வந்ததில்லை. கடைக்கு ஆள் வரும் நேரத்தில் அரை மணி நேரம் காத்திருப்பது எனக்கு நட்டம். இரண்டு வருகைகளை மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார், அதனால் ஆறு வாரத்தில் முடிய வேண்டியது பத்து வாரம் ஆயிற்று. கொடுக்கும் குறிப்புத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. என் மாமனார் போன்றவர்களுக்கு அதனால் பயனில்லை, நானே உட்கார்ந்து தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தீபாவளியைப் பற்றி ஆகஸ்டிலேயே அவர் பேச்சை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அக்டோபர் 20 அன்றும் அதற்கு முந்தைய இரவும் செவலை குளியலறையில் நடுங்கியபடி கிடந்தான். வெடிச் சத்தத்துக்குப் பழக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் கேட்டபோது தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு ஜூலையிலேயே தொடங்கலாம் என்றார், அதற்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னார். தெருநாய்களைக் கடந்து நடப்பது இன்னும் தீரவில்லை. எங்கள் தெரு முனையில் நிற்கும் நான்கு நாய்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறோம். எட்டு வருகைக்குள் அது முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று தீபாவளிக்கும் தாமதத்துக்கும்.

ஜனவரியில் செவலைக்கு ஏறக்குறைய பதினைந்து மாதம். மணி அடித்தால் இரண்டு முறை குரைப்பான், பிறகு மரத்தடுப்புக்குப் பின்னால் பாயில் போய் உட்கார்ந்து என்னைப் பார்ப்பான். அந்த ஆசிரியை பொங்கலுக்கு மூன்று ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறார், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அளவு கொடுத்தார்.

பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார், ஒரே நேரத்தில் ஐந்து வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லையாம். கடலூர், பாகூர், தவளக்குப்பம் பக்கம் உள்ளவர்கள் யாருக்காவது தேவைப்பட்டால் என் கடைக்கு நேரில் வந்து கேளுங்கள், அவரிடம் பேசிவிட்டுத் தருகிறேன். தடுப்பூசி அட்டையும், ஒரு வாரத்துக்கு நீங்கள் எழுதிய மூன்று கட்ட நோட்டும் கையில் இருந்தால் முதல் வருகை வீணாகாது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. வரும்போது மணியடித்துவிட்டுப் படியிலேயே கொஞ்சம் நில்லுங்கள்.